கோப்பைத் திறந்தால் போதுமா?

மாணவ நண்பர்களே, ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அதை வரைந்தவள் என் நண்பரின் மகள், பத்தாம் வகுப்பு மாணவி. சிறுமலையில் அவர்களுக்கு ஒரு சிறிய வாழைத் தோட்டம் இருக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தன் மலையின் மழையளவை வரைந்திருந்தாள். 1961 முதல் 1995 வரை 35 ஆண்டுகள். முதல் பத்து ஆண்டுகளுக்குக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து செல்கிறது. 1971 வந்ததும் செங்குத்தாக எழுந்து, அதன் பிறகு மேலேயே நிற்கிறது.

“எழுபது வரைக்கும் மலையில மழையே பெய்யலையா மாமா? அப்புறம் எப்படி வாழை வெளஞ்சிச்சு?” என்று கேட்டாள்.

கேட்டாளே, அதுவே பெரிய காரியம். எத்தனையோ பேர் கேட்காமல் ‘பருவநிலை மாற்றம்’ என்று தலைப்பிட்டு மாட்டியிருப்பார்கள்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? அவளுடைய தாத்தா தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்திருந்தார். தினமும் காலையில் அளந்து, மாதக் கடைசியில் கூட்டி, ஒரு நீள நோட்டில் எழுதிவந்தார். அந்த மாதம் எத்தனை வாழைத்தார்கள் குதிரை மேல் ஏறிக் கீழே போயின என்பதையும் பக்கத்திலேயே குறித்திருந்தார். (சிறுமலையில் தோட்டத்து விளைச்சலைக் குதிரையில் ஏற்றிப் பாதைக்குக் கொண்டுவருவது வழக்கம்.) 1996-ல் அவர் மகன், அதாவது என் நண்பர், திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். பயிற்சிக்காக அந்த நோட்டு முழுவதையும் கணிப்பொறியில் ஏற்றினார். ஏற்றியது நல்லதாயிற்று. பின்னால் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. கணிப்பொறிக் கோப்பு மட்டும் ஃப்ளாப்பியிலிருந்து குறுந்தட்டுக்கும், குறுந்தட்டிலிருந்து பென் டிரைவுக்கும் தாவிப் பிழைத்துக் கிடந்தது.

ஆனால் அதைத் திறக்க முடியவில்லை. பெயருக்குப் பின்னால் ‘டிபிஎஃப்’ என்ற வால். இரண்டு முறை சொடுக்கினால் ‘எந்தச் செயலியால் திறப்பது?’ என்று கணிப்பொறி நம்மையே திருப்பிக் கேட்கிறது. ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஓர் அட்டவணையாக மாற்றிக் கொடுத்தார். வரைபடம் அந்த அட்டவணையிலிருந்து பிறந்ததுதான்.

அட்டவணையை நானும் பார்த்தேன். ஆண்டு, மாதம், மழை, தார் என்று நான்கு பத்திகள். மொத்தம் 417 வரிகள். 35 ஆண்டுக்கு மாதம் ஒன்றாக 420 வரிகள் அல்லவா இருக்க வேண்டும்? மூன்றைக் காணோம். கடைக்காரரைக் கேட்டால், “ஃபைல்ல இருந்தது அவ்வளவுதான்” என்றார். சரி, கோப்பையே கேட்போம் என்று உட்கார்ந்தோம்.

அறியாத கோப்பு கைக்கு வந்தால் முதல் வேலை அதைப் பிரதி எடுப்பது. மூலத்தைத் தொடவே கூடாது. இரண்டாவது, முன்பின் தெரியாதவர் அனுப்பியதை ஒருபோதும் சொடுக்கி ஓடவிடக் கூடாது. ஓடவிடுவது வேறு, உள்ளே எட்டிப் பார்ப்பது வேறு. பெயரின் வால் வெறும் லேபிள்தான். ஊறுகாய் ஜாடியில் ‘தேன்’ என்று எழுதி ஒட்டினால் ஊறுகாய் இனிக்காது. அதுபோல் வாலை மாற்றினால் கோப்பு மாறாது, உள்ளே விஷம் இருந்தாலும் வால் சொல்லாது.

அப்படியானால் எதை நம்புவது? கோப்பின் முதல் சில பைட்டுகளை. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். எந்தக் கோப்பானாலும், அது பாட்டாக இருந்தாலும் படமாக இருந்தாலும், இத்தகைய எண்களின் நீண்ட வரிசைதான். அந்த வரிசையை அப்படியே காட்டும் சிறு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலான கோப்பு வகைகள் தொடக்கத்திலேயே ஓர் அடையாளத்தைப் பொறித்துக்கொள்கின்றன. ‘ஜிப்’ கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் ‘பி’, ‘கே’ என்ற ஆங்கில எழுத்துகள். அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. இன்றைய எக்ஸெல் கோப்பொன்றை இப்படிப் பாருங்கள், அதே ‘பி’, ‘கே’ இருக்கும். அது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை! உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள் நிறைய இருக்கும் ‘எஸ்க்யூலைட்’ தரவுத்தளக் கோப்போ முதல் 16 பைட்டில் தன் பெயரையே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும்.

நம் சிறுமலைக் கோப்பு எப்படித் தொடங்கியது தெரியுமா? பதின்ம எண்களாகக் காட்டச் சொன்னபோது இப்படி வந்தது:

3, 96, 2, 14, 164, 1, 0, 0, 193, 0, 57, 0

முதலில் 3. இது ‘டிபேஸ்’ குடும்பத்தின் அடையாளம். இந்தக் குடும்பத்தின் கதை சுவையானது. அமெரிக்காவில் விண்வெளி ஆய்வுக்குப் பெயர் பெற்ற ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணிபுரிந்த வேய்ன் ராட்லிஃப், 1970-களின் பிற்பகுதியில், அலுவலக நண்பர்களுக்குள் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காகப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினார். அது பின்னர் ‘டிபேஸ் இரண்டு’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ‘டிபேஸ் ஒன்று’ என்று எதுவும் இருந்ததில்லை. இரண்டு என்றால் தேறிய சரக்கு என்று வாங்குபவர் நினைப்பாராம்! அதன் வழியில் வந்ததுதான் ஃபாக்ஸ்புரோ. 1990-களில் நம்மூர்க் கம்ப்யூட்டர் மையங்கள் எல்லாவற்றிலும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1992-ல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2015-ல் அதற்கான ஆதரவை முற்றாக நிறுத்திக்கொண்டது.

அடுத்த மூன்று எண்கள் 96, 2, 14. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நாள், 1996 பிப்ரவரி 14. இதைச் சொன்னதும் என் நண்பர் துள்ளிக் குதித்தார். அவர் மையத்தில் படித்த காலம் அதுதான்.

அடுத்த நான்கு பைட்டுகள் எத்தனை பதிவுகள் என்பதைச் சொல்கின்றன. 164, 1, 0, 0. இங்கே சிறிய இலக்கம் முன்னால் வருகிறது. ஒரு பைட்டில் 256 நிலைகள் என்பதால் இரண்டாவது இலக்கத்தின் மதிப்பு 256. ஆகவே 164 + 256 = 420. பார்த்தீர்களா? கோப்பு பொய் சொல்லவில்லை. 420 பதிவுகளும் உள்ளேயே இருக்கின்றன.

193 என்பது தலைப்பகுதியின் நீளம். தொடக்கத்தில் 32 பைட், பிறகு ஒவ்வொரு பத்திக்கும் 32 பைட் வருணனை, முடிவில் ஒரு பைட். (193 – 33) ÷ 32 = 5. பத்திகள் ஐந்து! கடைக்காரர் கொடுத்தது நான்கு. கடைசியாக வரும் 57, ஒரு பதிவின் நீளம். 420 × 57 = 23,940. அதோடு தலைப்பகுதி 193, கோப்பு முடிந்தது என்னும் குறி 1. மொத்தம் 24,134 பைட். கோப்பின் அளவைப் பார்த்தோம். சரியாக 24,134. என் நண்பரின் மகள் கைதட்டினாள். ஒரு பூட்டுக்குள் சாவி சுழலும்போது வரும் சந்தோஷம் இது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இது கிடைக்காது.

இனிக் காணாமற்போன மூன்று பதிவுகள். டிபேஸ் கோப்பில் ஒவ்வொரு பதிவும் ஒரு தனி பைட்டோடு தொடங்குகிறது. அது வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறியாக இருந்தால் ‘அழிக்கப்பட்டது’ என்று பொருள். ஆனால் உண்மையில் எதுவும் அழிவதில்லை. நோட்டில் பென்சிலால் குறுக்குக் கோடு போடுவதைப் போன்றது அது. துப்புரவு செய்யும்படி தனியாகக் கட்டளை கொடுத்தால்தான் பதிவு போகும். பல மென்பொருள்கள் நட்சத்திரமிட்டவற்றைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். மூன்றையும் கண்டுபிடித்தோம். மூன்றிலும் மழை என்ற இடம் காலி. ஐந்தாவது பத்தியில் மட்டும் ஏதோ எழுதியிருந்தது.

அந்த ஐந்தாவது பத்திதான் ‘குறிப்பு’. 40 எழுத்து நீளம். கடைக்காரர் அதை வெட்டி எறிந்ததற்குக் காரணம் இருந்தது. திரையில் அது கிறுக்கலாகத் தெரிந்தது. தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகள், காசுக் குறிகள், பாதிப் பின்னங்கள். அது கிறுக்கல் அல்ல நண்பர்களே, தமிழ்! 1990-களில் தமிழ் எழுத்துக்கு ஒரே எண்முறை புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பம்போல் ‘அ’வுக்கு ஓர் எண், ‘க’வுக்கு ஓர் எண் என்று கொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எண்கள் வேறு எழுத்துகளாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டேம், டேப் என்ற குறிமுறைகளை ஏற்றது. 2010-ல்தான் யூனிகோடு அரசின் தரமாயிற்று. நம் கோப்பு இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். “சென்டர்ல இருந்ததுப்பா” என்றார். அந்த மையமும் இப்போது இல்லை.

ஆனால் சிறுமலைத் தோட்டக்காரர் ஒருவர் எந்தச் சொற்களை அடிக்கடி எழுதியிருப்பார்? மழை, வாழை. இரண்டும் ‘ழை’யில் முடிகின்றன. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எண்கள் நிற்கும். அதாவது ‘ழை’ என்றால் முதலில் இணைக்கொம்பு, பிறகு ‘ழ’. (யூனிகோடில் தலைகீழ். முதலில் ழ, அதன் எண் 2996. பிறகுதான் ஐகாரக் குறி, 3016.) ஆகவே இரு வேறு சொற்களின் கடைசியில் ஒரே இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று தேடினோம். வந்தன! முன்னால் ஓர் எண் மட்டும் நின்றால் ‘மழை’. இரண்டு எண்கள் நின்றால் ‘வாழை’. இப்படி ம, வ, கால், ழ, இணைக்கொம்பு ஆகிய ஐந்தும் கையில் சிக்கின. இந்த ஐந்து எண்களையும் பழைய எழுத்துருக்களின் அட்டவணைகளோடு ஒப்பிட்டபோது ஒன்று பொருந்தியது. அதற்கான மாற்றி ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. படிக்கிறவர் சொல்லையும் பொருளையும் யூகித்தே எழுத்தை நிறுவ வேண்டும். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சிடும் முன் அப்படித்தான் பாடுபட்டார். நாங்கள் செய்தது அதில் ஒரு துளி. அவருக்கு ஓலையின் வயது நூற்றாண்டுகள். எங்கள் கோப்பின் வயதோ சில பத்தாண்டுகள்தான். அதற்குள் அதைப் படிக்கப் புலவர் தேவைப்பட்டுவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

குறிப்புகள் தமிழில் எழுந்து நின்றன. நட்சத்திரமிட்ட மூன்று பதிவுகளில் முதலாவதில்: ‘குரங்கு மழைமானியைத் தள்ளி உடைத்தது’. அடுத்த இரண்டிலும் ‘மானி இல்லை’. 1971 ஜனவரியில்: ‘புது மானி. இனி மில்லிமீட்டர்’.

வரைபடத்தின் செங்குத்துப் பாய்ச்சல் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. பழைய மானி அங்குலத்தில் அளந்திருக்கிறது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 1968 அக்டோபரில் 9.4 என்று இருந்தது உண்மையில் 238.8 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மலைக்கு அது பொருத்தமான அளவுதான். முதல் பத்து ஆண்டுகளின் எண்களை 25.4-ஆல் பெருக்கியதும் கோடு சமமாகிவிட்டது. தார்க் கணக்கு 1970-களில் இறங்கியதற்கும் காரணம் குறிப்பிலேயே இருந்தது. ‘முடிக்கொத்து’ என்ற சொல் அந்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளின் வாழையை அழித்த நோய். இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் சிறுமலை வாழை அதற்குத் தப்பிய மிச்சம்தான். ஒரு தோட்டத்தின் கணக்கை வைத்து மலை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மழை குறைந்ததால் தார் குறையவில்லை என்பதையாவது அந்தத் தோட்டத்துக்குச் சொல்லலாம்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். கோப்பைத் திறப்பது அறிவு அல்ல. கடைக்காரரும் திறந்தார். அவர் எண்களை எடுத்துக்கொண்டு சொற்களை எறிந்தார். எறியப்பட்ட சொற்களில்தான் அந்த எண்களின் பொருள் இருந்தது. நம் பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் எப்படி நடக்கிறது? எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித்தருகிறோம். பொத்தான் இருக்கும் மென்பொருள் பத்து ஆண்டில் செத்துவிடும், ஃபாக்ஸ்புரோ செத்தது போல. ஒரு பைட் என்றால் என்ன, ஒரு கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை வேதியியல் செய்முறை போல ஒரு முறை கைப்பட்டுச் செய்தால், எந்தக் கோப்பு வந்தாலும் பயம் இராது. தவளையை அறுத்துப் பார்த்த காலம் உண்டல்லவா? கோப்பை அறுத்தால் அதற்கு வலிக்கவும் வலிக்காது.

“இன்று லிபர்ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள் டிபிஎஃப் கோப்பை நேராகத் திறக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், திறக்கிறது. ஏன் திறக்க முடிகிறது என்று யோசியுங்கள். டிபேஸ் கோப்பின் அமைப்பு ஊரறிந்தது. எந்த பைட்டில் என்ன இருக்கும் என்பது வெளிப்படையாக எழுதப்பட்டு எல்லோர் கையிலும் இருந்ததால்தான் யார் யாரோ அதற்குத் திறவுகோல் செய்தார்கள். நிறுவனம் போனாலும் கோப்பு பிழைத்தது. எழுத்துருவின் எண்முறை அப்படி ஊரறிந்ததாக இல்லாததால் தமிழ் மட்டும் தவித்தது.

காகிதத்தில் எழுதி வைத்தால் போதும் என்பவர்களுக்கு நான் கரையானைக் காட்டுவேன். கணிப்பொறி போதும் என்பவர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டுவேன். 1086-ல் அந்நாட்டு மன்னர் எடுத்த நிலக் கணக்குப் புத்தகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி 1986-ல் பிபிசி பெரும் செலவில் ஒரு புதிய கணக்கெடுத்து லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுக்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 2002-ல் ஆராய்ச்சியாளர்கள் போராடித்தான் அதை மீட்டார்கள்.

நல்ல உதாரணமும் உண்டு. தூரத்தில் இல்லை, நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துவருகிறது. 1909-ல் எவர்ஷெட் தம் பெயர் பெற்ற விளைவைக் கண்டறிந்த இடம் அது. அங்குள்ள பழைய ஒளிப்படத் தகடுகளை எண்மமாக்கி, வானியலாளர்கள் பயன்படுத்தும் ‘ஃபிட்ஸ்’ வகைக் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். 1981-ல் வெளியான இந்த அமைப்பில், படத்துக்கு முன்னால் சாதாரண எழுத்தில் ஒரு வருணனை வரும். 80 எழுத்துக்கு ஒரு வரி. 80 ஏன் என்றால், அந்நாளைய துளை அட்டையில் 80 எழுத்துதான் கொள்ளும். எந்த நாள், எந்தக் கருவி, என்ன அலகு என்பனவற்றை அந்த வரிகளில் எழுதலாம். அமைப்பை எப்படித் திருத்தினாலும் பழைய ஃபிட்ஸ் கோப்பு செல்லாததாகக் கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதி. வத்திக்கான் நூலகம்கூடத் தன் கையெழுத்துச் சுவடிகளை எண்மமாக்க இதைத் தேர்ந்தெடுத்தது. தன்னைத் தானே விளக்கும் கோப்பு என்றால் இதுதான். சூரியனுக்குக் கிடைத்த இந்த மரியாதை சிறுமலை மழைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

பொதுப் பணத்தில் சேர்க்கும் விவரங்களை, அமைப்பு வெளிப்படையாகத் தெரிந்த கோப்புகளிலேயே, அலகும் விளக்கமும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் வேண்டும் என்ற கொள்கையை இந்திய அரசே 2010-ல் வெளியிட்டிருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் தகவலை ஃப்ளாப்பியிலும் கேட்டுப் பெறலாம் என்கிறது. சட்டத்தில் ஃப்ளாப்பி இன்னும் இருக்கிறது, கடையில் இல்லை! தட்டைப் பெற உரிமை இருந்து, உள்ளே இருப்பதைப் படிக்க வழியில்லாவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொள்கையைத் தலைமைச் செயலகத்தில் மட்டும் தேடவேண்டாம். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் எழுதும் அட்டவணையில் அலகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

என் நண்பரின் மகள் வரைபடத்தைத் திருத்தி வரைந்தாள். பழைய தவறான வரைபடத்தையும் பக்கத்திலேயே மாட்டினாள். அதைத்தான் கூட்டம் அதிகம் நின்று பார்த்தது. 420 பதிவுகளும் இப்போது யூனிகோடு தமிழில், எந்தக் கணிப்பொறியும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக மூன்று இடங்களில் இருக்கின்றன. மூலக் கோப்பையும் எறியவில்லை. தோட்டத்தில் ஒரு புது மழைமானி வந்திருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அவள் அளக்கிறாள். புதிய கோப்பின் முதல் வரி: ‘மழை மில்லிமீட்டரில். மானி முள்கம்பி வேலிக்குள் உள்ளது. குரங்குகள் இன்னும் வருகின்றன.’